கல்வட்டத்தைக் காத்தது கொறங்காடு

கல்வட்டம் பார்க்கணும்னு கிளம்புறவங்க பெரும்பாலும் ஏமாந்துதான் போவாங்க. கோயில் கோபுரம் மாதிரி எதுவும் நிமிர்ந்து நிற்காது. பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகக் கிடக்கும், நடுவில் சின்னக் கற்கள் குவிந்திருக்கும். விவரம் தெரியாதவர் அதன் மேலேயே நடந்து போய்விடலாம். போன மாசம் சென்னிமலைப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அப்படியே மேற்கே, நொய்யல் ஆத்து வடகரையில் இருக்கும் கொடுமணலுக்கும் ஒரு எட்டுப் போய் வந்தேன்.

நாம் பார்க்கும் வட்டம் வெறும் எல்லைதான், விஷயம் மண்ணுக்குள்ளே இருக்கு. நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி, பெட்டி மாதிரி அறை செய்திருக்காங்க. சில பலகைகளில் துளையும் உண்டு. இறந்தவரோட எலும்பை வைத்து, கூடவே கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், மணிகள் எல்லாம் வைத்து மூடிவிடுவாங்க. அதற்கு மேல்தான் கற்குவியலும் வட்டமும். ஒரே ஒரு குழியில் ரெண்டாயிரத்துக்கும் மேலே சூதுபவள மணி கிடைத்திருக்கிறது.

கொடுமணலில் 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு தொடங்கினாங்க. பிறகு பலமுறை தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, தமிழி எழுத்தில் பேர் கீறிய பானை ஓடு என்று ஒரு முழு ஊரே வெளியே வந்தது. பக்கத்துப் படியூரில் பச்சைக்கல், சிவன்மலைப் பக்கம் நீலக்கல். மூலப்பொருள் காலடியில் இருந்ததால் தொழில் வளர்ந்தது. சேரர் தலைநகரான கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் கடற்கரைக்குப் போகிற பாதையில் ஊர் இருந்ததால் வியாபாரமும் வளர்ந்தது. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்களில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. ஆள் குடியிருந்த இடத்தைவிட இடுகாடு பெருசு, சுமார் நூறு ஏக்கர்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஏனுங்க, பாண்டியன் குழி பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். நெருப்பு மழை பெய்யப்போகுதுன்னு பயந்த குள்ள மனுசங்க கல் வீடு கட்டி ஒளிஞ்சுக்கிட்ட இடமாம் அது. இந்தக் கதை கொங்கு நாட்டில் பல ஊர்களில் உண்டு. படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனா ஒன்று, கதை இருந்த வரைக்கும் யாரும் அந்தக் கல்லில் சட்டென்று கை வைக்கவில்லை.

கதை மட்டும் காப்பாற்றவில்லை என்பது என் எண்ணம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலே இந்தக் கல் கிடந்த இடத்திலேயே கிடக்கக் காரணம் நிலம்தான். காங்கயம் சுத்துவட்டாரத்தில் கொறங்காடு என்று ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே நிழலுக்கு வெள்வேல மரம். காங்கயம் மாடும் செம்மறியாடும் அதை நம்பித்தான் வளர்ந்தன. மாடு மேயும் காட்டில் கல் கிடந்தால் யாருக்கு என்ன தொந்தரவு? சில வருஷத்துக்கு ஒருக்கா மேலோட்டமா உழுது புல் விதைத்தாலும், மாடு பூட்டின ஏர் கல்லைச் சுத்திக்கிட்டுப் போயிடும்.

டிராக்டர் அப்படிச் சுத்தாது. ரொட்டவேட்டர் ஓட்டணும்னா கல் இருக்கக்கூடாது, அதனால் முதலில் பொக்லைனை விட்டு நிலத்தைச் சமன் செய்கிறோம். ஒரு மணி நேர வாடகைக்கு ஒரு கல்வட்டம் போயிடும். உருண்டைக் கல் வரப்போரம் குவியும், பலகைக்கல் வாய்க்கால் மேல் பாலமாகும். இப்படிச் செய்கிற விவசாயியைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. திருப்பூர்ச் சாயத்தண்ணி கலந்து நொய்யல் கரையோரக் கிணறுகள் கெட்ட பிறகு, மிச்சம் இருக்கும் காட்டில் எப்படியாவது நாலு காசு பார்க்கணும் என்பதுதான் அவன் கவலை. கல்லை அப்படியே விட்டால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

அகழாய்வில் எடுத்த மணியை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம். எந்தக் குழி எதற்குப் பக்கத்தில், எது பெருசு எது சிறுசு, ஊருக்கு எந்தத் திசையில் என்பதெல்லாம் நிலத்தில்தான் எழுதியிருக்கு. அதை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க முடியாது. மேய்ச்சல் காடு இருந்தால் அதுவும் இருக்கும்.

இதைப் படிக்கிற நகரத்து நண்பர்களில் சிலர் கிராமத்தில் ரெண்டு ஏக்கர் வாங்கும் யோசனையில் இருப்பீங்க. நல்லது, வாங்குங்க. ஆனா கிரயம் முடிந்த மறுநாளே நிலத்தைச் சமன் பண்ண ஆள் விடாதீங்க. ஒருதடவை பொறுமையாகச் சுத்தி நடந்து பாருங்க. கல் வட்டமாகக் கிடந்தால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. அந்த ஒரு சென்ட்டைப் புல்லுக்கும் ஆட்டுக்கும் விட்டுடுங்க. இத்தனை காலம் அதைக் காத்தது அவைதான்.