ஒரு உலைச் சோறு: கோடைத் திருவிழாவும் திருச்சபைச் சாதியும்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது தமிழகத்தின் கிறித்தவக் கிராமங்கள் சுறுசுறுப்பாகிவிடும். சிலுவைப்பாதை, குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று வரிசையாக வரும். மே மாதம் முழுக்கக் கத்தோலிக்கர்களுக்கு மாதா வணக்க மாதம். பல ஊர்களில் கொடியேற்றம், நவநாள், இரவுச் சப்பரம். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அசனப் பண்டிகை.

ஈஸ்டர் நாளை முடிவு செய்வது ரோமாபுரி நாட்காட்டி. ஊர்த் திருவிழாவுக்குக் கோடை தோதாக இருப்பதற்குக் காரணம் நம் மண்ணில் இருக்கிறது. அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும். கூலி வேலை குறைவு. பள்ளிக்கூடம் இல்லை. சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்புகிற காலம் இது. அதனால் ஒரு சபையின் உறவு, பகை, பெருமை, கடன் எல்லாம் ஒன்றாகத் தெரிகிற பருவம் கோடைதான்.

திருச்சபையில் சாதி எப்படி இயங்குகிறது என்பதைப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மறையுரையில் அதைத் தேடாதீர்கள். மறையுரையில் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள்தான். திருவிழாவில் தேடுங்கள். வரி யாரிடம் வாங்கினார்கள், சப்பரம் எந்தத் தெரு வரை போயிற்று, உலையை யார் வைத்தார்கள், பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள். முந்நூறு ஆண்டு வரலாறு இந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது.

தரங்கம்பாடியிலிருந்து தொடங்குவோம். 1706-இல் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. சிலுவை வடிவக் கட்டடம். அதற்குள் வெள்ளாளக் கிறித்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறித்தவர்கள் வேறு பக்கம் பிரிந்து உட்கார்ந்தார்கள். சிலுவையின் கைகளே சாதிக்கு வசதியாகிப் போயின.

அந்த மிஷனில் இராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். பறையர் சமூகத்தவர். தஞ்சை மன்னரின் படையில் வேலை பார்த்தவர். தஞ்சைப் பகுதியில் சபைகள் வளர அவருடைய உழைப்பு முக்கியமான காரணம். 1733-இல் வெள்ளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்று, முதல் தமிழ் புராட்டஸ்டண்ட் குருவானார். அடுத்த குருவானவரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. அவருடைய தகுதியில் மிஷனரிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கையால் திருவிருந்து வாங்கச் சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று தயங்கினார்கள். 1741-இல் தியோகு குருப்பட்டம் பெற்றார். இராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியாராகவே இருந்தார்.

இங்கே தடையாக நின்றது வேத அறிவோ நடத்தையோ அல்ல. ஒரு தலித்தின் கையிலிருந்து அப்பம் வாங்கித் தின்பதா என்ற கேள்விதான். அதாவது சோற்றுத் தீட்டு. இந்துக் கோயிலில் கருவறைத் தீட்டாக இருந்தது, தேவாலயத்தில் திருவிருந்துத் தீட்டாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு நூற்றாண்டு கழித்து ஆங்கிலேயத் திருச்சபை விழித்துக்கொண்டது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சேர்ந்து உட்கார வேண்டும், வேறுபாடின்றித் திருவிருந்து பெற வேண்டும் என்றார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். சாதி என்பது உலக வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பது அவர்கள் வாதம். தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் இந்தப் பக்கம்தான் நின்றார். இன்று "அது சாதி இல்லை, எங்கள் ஊர்ப் பழக்கம்" என்று சொல்பவர்களின் மூதாதையர் குரல் அது.

பிறகு வந்தது விருந்துச் சோதனை. 1847-இல் மதுரை அமெரிக்க மிஷன், எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்தை நிபந்தனையாக்கியது. மறுத்த உபதேசியார்களும் பசுமலை மாணவர்களும் விலக்கப்பட்டார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒருபடி மேலே போய், பறையர் சமைத்த உணவை உண்டு சாதியை உடைத்தவரையே சபையில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானித்தது. லெய்ப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இதை ஏற்கவில்லை. சாதியைக் கைவிட விரும்பாத தஞ்சைக் கிறித்தவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தத் தீர்மானத்தின் துணிச்சலை மதிக்க வேண்டும். அதன் குறையையும் பார்க்க வேண்டும். தேர்வு சாதிக் கிறித்தவருக்கு. தலித் சமைத்த சோறு வெறும் வினாத்தாள். அந்தக் காலப் பதிவுகள் சாப்பிட மறுத்தவர்களின் மனக்கஷ்டத்தைப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. உலை வைத்த பெண்ணுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும் என்று கேட்க யாரும் இல்லை. மேலிருந்து வந்த சமத்துவம் அவ்வளவு தூரம்தான் போகும்.

கீழிருந்து நடந்தது வேறு வரலாறு. தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்து மயிலாடியில் மகாராசன் என்ற சாம்பவர் இருந்தார். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சையில் கிறித்தவச் செய்தியைக் கேட்டு வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தன் மக்களைத் திரட்டினார். மிஷனரி வேண்டும் என்று அவரே கேட்டுப் பெற்றார். 1806-இல் ரிங்கல்தௌபே வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. மிஷனரி வந்து தலித்தைத் தேடிப் பிடித்தார் என்று நமக்குச் சொல்லப்படும் கதையை இது அப்படியே திருப்பிப் போடுகிறது. தலித் போய் மிஷனரியை அழைத்து வந்தார்.

1876-78 பஞ்சத்துக்குப் பிறகு சேரி சேரியாக மக்கள் திருச்சபைக்கு வந்தார்கள். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்று இன்றும் ஏளனம் செய்கிறார்கள். பட்டினி கிடந்தவர் கஞ்சி கேட்டதில் என்ன இழிவு? ஆனால் அவர்கள் கேட்டது கஞ்சி மட்டும் அல்ல. பள்ளிக்கூடம் கேட்டார்கள், நிலம் கேட்டார்கள். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதினார். அந்த மாவட்டத்தில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் நிலக் கோரிக்கையை விடாமல் பேசினார்கள். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஓலைக்கூரைச் சிற்றாலயம் பகலில் பள்ளிக்கூடம், மாலையில் செபக்கூடம், தகராறு வந்தால் பஞ்சாயத்து மன்றம். பொதுக்கிணறும் பொதுச்சாவடியும் மறுக்கப்பட்ட மக்களுக்குக் கிடைத்த முதல் பொது இடம் அது. கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு சேரிப் பிள்ளை மேடையேறி மனப்பாட வசனம் சொல்வதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மேடையே மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளை அது.

ஆனால் தேவாலயம் சேரிக்கு மட்டும் உரியதாக இல்லாமல் பல சாதிக்கும் பொதுவாக இருந்த ஊர்களில் சண்டை ஓயவில்லை. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட ஆலயத்துக்குப் பீடம் ஒன்று, மக்கள் அமரும் கூடம் இரண்டு. கால்சட்டை மாதிரி பிரிந்த கட்டடம். நடுவில் இருந்த தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டது. வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள். தேவாலயத்துக்குள் தனி இடம் கேட்கச் சாதிக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை அவர்கள் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வழக்கு வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடந்தது. சேரித் தெருவுக்கு அந்தத் தீர்ப்பு எட்டவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச் சுவர் நின்றது.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூருக்கு வாருங்கள். செபமாலை மாதா ஆலயம் அங்கே பெரிய பங்கு. பெரும்பான்மை வன்னியக் கிறித்தவர்கள். தலித் கிறித்தவர்களுக்குத் தனி இருக்கை, தனிக் கல்லறை. சவ ஊர்வலம் போகும் வழி கூடப் பொதுவாக இல்லை. அவர்கள் தங்களுக்குச் சகாய மாதா ஆலயம் கட்டிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9, தவக்காலத்து ஞாயிறு. தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர்கள் இருவர் இறந்தார்கள். ஈஸ்டருக்கு இரண்டே வாரம் இருந்தது. சாதி யாரையும் விட்டுவைப்பதில்லை. அதைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களின் வீட்டிலும் பிணம் விழுந்தது.

திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்திலிருந்து இதே குறை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. தங்களிடம் திருவிழா வரி வாங்குவதில்லை, தேர் தங்கள் தெருவுக்கு வருவதில்லை என்பது அங்குள்ள தலித் கத்தோலிக்கர்களின் புகார். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. வரி கேட்கவில்லை என்றால் நல்லதுதானே என்று நகரத்து நண்பர்கள் கேட்கலாம். கிராமத்தில் வரி கொடுப்பவர்தான் பங்காளி. வரி வாங்க மறுப்பது, நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று சொல்வது. வரி இல்லையென்றால் வடம் தொடும் உரிமை இல்லை, திருவிழாக் கூட்டத்தில் பேச்சு இல்லை.

இதற்கு மாற்றாக ஒரு வழிபாட்டையே உருவாக்கிக் காட்டியவர் தியாபிலஸ் அப்பாவு. 'பறட்டை' என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், 2005-இல் மறைந்தார். ஊர்வலத்துக்கு முன்னால் கடமையாக அடிக்க வைக்கப்பட்ட பறையை அவர் வழிபாட்டுக்குள் மரியாதையோடு கொண்டுவந்தார். கர்நாடக ராகக் கீர்த்தனைகளுக்கும் ஆங்கில ஞானப்பாட்டுகளுக்கும் பழகிய சபையில் கிராமிய மெட்டில், பேச்சுத் தமிழில் வழிபாட்டு முறை எழுதினார். அவருடைய இறையியலின் மையம் 'ஒரு உலை'. தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டு திருவிருந்தில் மட்டும் ஒரே அப்பம் என்பது பொய். ஒரே உலையில் பொங்கி, பகிர்ந்து தின்பதே திருவிருந்து. 1850-இல் தேர்வாக இருந்த சோறு, இங்கே தலித் மக்களின் சொந்த இறையியலாக மாறியது.

அசனத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். வீட்டுக்கு வீடு அரிசி வரும், கிடா வரும். அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் கொதிக்கும். நல்ல வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பந்தியில் பக்கத்துச் சேரிச் சபைக்கு இலை உண்டா? அங்கிருந்து வந்த அரிசி அதே அண்டாவில் விழுகிறதா? இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இது சபைக்குள் முடிகிற விஷயமும் இல்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் கதவு திறக்கவில்லை. தமிழகத்தில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் தனித் தொகுதியும் அவருக்கு எட்டுவதில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை, அரசு தந்த இலவசக் கடைப்பெட்டி தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1985-இல் தோற்றார். கிறித்தவத்துக்குள் வந்த பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது.

ஆதாரம் ஒவ்வொரு கோடையிலும் சப்பரம் திரும்புகிற தெருமுனையில் நிற்கிறது. "எங்கள் சபையில் சாதி இல்லை" என்று மேடையில் பேசும் குருவானவர், தெரிந்தோ தெரியாமலோ 1950 ஆணைக்கு முட்டுக்கொடுக்கிறார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், தீண்டாமை சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டவர்கள் வரிப் புத்தகத்தையும் கல்லறைச் சுவரையும் மாற்றிக் காட்ட வேண்டும்.

மாணவத் தோழர்களே, இந்தக் கோடையில் ஊருக்குப் போவீர்கள். திருவிழாவில் மகிழ்ச்சியாக இருங்கள், அது உங்கள் தாத்தா பாட்டி கட்டிய ஆலயம். கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். வரி யாரிடம் வாங்கப்படுகிறது, சப்பரம் எந்தத் தெருவில் திரும்புகிறது, பந்தியில் யார் எங்கே உட்கார்கிறார்கள், கல்லறைக்கு எத்தனை வழி, பங்குப் பேரவையில் சேரியிலிருந்து எத்தனை பேர் என்று தேதி போட்டு எழுதுங்கள். பாட்டிமாரிடம் கேளுங்கள், அவர்கள் காலத்தில் எந்த வாசல் வழியாகப் போனார்கள் என்று. 1985-இல் சூசையிடம் கேட்கப்பட்ட ஆதாரத்தை இனி நாம்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.