திரு. வி. க.வின் தலையங்கங்களில் தடையும் விடையும்

தமிழ் இதழியல் வரலாறு எழுதுவோர் 'தேசபக்தன்' தோன்றிய 1917ஆம் ஆண்டை ஓர் எல்லைக்கல்லாகக் கொள்வர். அதன் ஆசிரியராய் அமர்ந்த திரு. வி. கலியாணசுந்தரனார், ஆங்கிலமும் வடமொழியும் மிடைந்து கிடந்த பத்திரிகை நடையைத் தமிழாக்கினார் என்பது பலரும் கூறும் கருத்து. அது மெய்யே, ஆயினும் சொல்லளவில் நின்றுவிடும் மெய். பிறமொழிச் சொற்களை நீக்கிய அளவானே ஒரு தலையங்கம் படிப்போரை இணங்குவித்துவிடாது. நம் ஆய்வேடுகள் சொற்பட்டியல் தொகுப்பதோடு அமைவதால், வாதம் எவ்வாறு கட்டப்பட்டது என்னும் வினா எழாமலே போகின்றது.

1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899இல் நாளிதழாயிற்று. ஐயர் பொருளியலில் தோய்ந்தவர்; காரணகாரியங்களை நிரல்பட வைத்து வழக்குரைப்பது அவர் வழி. அவ்வழியிற் படிப்போர் நடுவராக எட்ட அமர்ந்திருப்பர்.

திரு. வி. க.வோ படிப்போரை வழக்கினுள்ளேயே ஈர்த்துவிடுகின்றார். கருத்தைச் சிறு வாக்கியங்களால் நாட்டுவார், மறுப்போன் கேட்கக்கூடியதைத் தாமே எழுப்புவார், 'என்னை?' என்று காரணம் வினாவி, உடனே விடை பகர்வார். இதனைக் கண்ட அளவில், உரைநூல் பயின்றார்க்குப் பரிமேலழகரும் சேனாவரையரும் நினைவிற்கு வருவர். யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளையிடம் பயின்று, வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்து, அப்பணியைத் துறந்து இதழாசிரியரானவர் அவர். பாடஞ்சொல்லும் முறையே தலையங்கத்துட் புகுந்தது என்பது என் துணிபு. கதிரைவேற்பிள்ளை அருட்பா மருட்பாப் பூசலில் முன்னின்ற கண்டனக்காரர் என்பதையும் மறத்தலாகாது. மாணவர் தடைவிடையைக் கைக்கொண்டார், வசையை விட்டார். இஃது எளிய செயலன்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. உரையாசிரியர்க்கு நூற்பா என்னும் மூலம் உண்டு, தலையங்கத்திற்கு அஃதில்லை. அவ்விடத்தை நிரப்பியது மேடை. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவருள் அவர் ஒருவர். கூட்டத்தாரை வினாவி, அவர்தம் இசைவையே சான்றாக்குதல் சொற்பொழிவாளர்க்குக் கைவந்த முறை. அச்சிலும் அவர் அதனையே செய்தார். வலிமையும் குறையும் இங்கேயே உள்ளன. சேனாவரையர் எழுப்பும் தடை வலியது. சில வேளைகளில் அவர் விடையினும் அதுவே நம்மை மிகுதியும் வருத்தும். தலையங்கத்தின் தடையோ பெரும்பாலும் வீழ்த்தப்படுதற்கென்றே நிறுத்தப்படுவது. ஆதலின் முன்னரே உடன்பட்டோரை அது கிளர்ந்தெழச் செய்யும்; மாறுபட்டோரை அத்துணை எளிதில் அசைக்காது. 1920இல் அவர் தொடங்கிய 'நவசக்தி'யின் தலையங்கங்களையும் இந்நோக்கோடு, தடைகளை மட்டும் தனியே எடுத்து, நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.