தொலைவுமானி மோசடி

தொலைவுமானி மோசடி என்பது, ஒரு வாகனம் உண்மையில் ஓடிய தூரத்தை மறைத்து, அது குறைவாக ஓடியுள்ளதாகக் காட்டும் நோக்கத்துடன் அதன் தொலைவுமானியில் உள்ள எண்ணை மாற்றுதல், மானியின் இணைப்பைத் துண்டித்தல் அல்லது மானியையே மாற்றிவிடுதல் ஆகும். தொலைவுமானி பேச்சு வழக்கில் ஓடோமீட்டர் அல்லது மீட்டர் எனவும், இம்மோசடி கிலோமீட்டரைக் குறைத்தல் எனவும் வழங்கப்படுகின்றன. பயன்படுத்திய மகிழுந்துகளின் விற்பனையில், குறிப்பாக ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும் வாகனங்களில், இது மிகுதியாகக் காணப்படுகின்றது. எல்லையைக் கடக்கும் வாகனத்துடன் அதன் பழைய பதிவுகள் செல்வதில்லை என்பதே இதற்கு முதன்மையான காரணமாகும்.

தொலைவுமானியின் வரலாறும் செயல்முறையும்

சக்கரத்தின் சுழற்சிகளை எண்ணித் தூரத்தை அளக்கும் முறை மிகப் பழமையானது. கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு, வண்டிச் சக்கரம் 400 முறை சுழன்றதும் ஒரு சிறு கல் பாத்திரத்தில் விழும் வகையில் அமைந்த கருவியொன்றை விவரித்துள்ளார். விழுந்த கற்களின் எண்ணிக்கை, கடந்த உரோமானிய மைல்களின் எண்ணிக்கையைக் காட்டியது.

மகிழுந்துகளில் முதலில் பயன்பட்டவை இயந்திரத் தொலைவுமானிகள் ஆகும். பல்லிணைப் பெட்டியிலிருந்து வரும் சுழலும் கம்பி ஒன்று, பற்சக்கரங்களின் வழியாக எண் பொறித்த உருளைகளைத் திருப்பும். இவற்றுட் பல ஐந்து இலக்கங்களை மட்டுமே கொண்டிருந்தன. எனவே 99,999-ஐத் தாண்டியதும் மானி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கியது.

பிற்காலத்தில் வந்த மின்னணுத் தொலைவுமானிகளில், ஓர் உணரி சக்கரத்தின் அல்லது பல்லிணைப் பெட்டியின் சுழற்சியை மின்துடிப்புகளாக அனுப்புகின்றது. அவற்றிலிருந்து கணிக்கப்படும் தூரம், மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகச் சில்லு ஒன்றில் சேமிக்கப்படுகின்றது. ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் தெரிவது அச்சில்லில் உள்ள எண்ணே ஆகும்.

மோசடி முறைகள்

இயந்திர மானிகளில் கம்பியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டுதல், கழற்றிய கம்பியைத் துளைப்பான் கொண்டு எதிர்த்திசையில் சுழற்றுதல், உருளைகளைக் கையால் திருப்புதல் ஆகியன வழக்கத்தில் இருந்தன. கையால் திருப்பப்பட்ட உருளைகளில் எண்கள் ஒரே வரிசையில் நில்லாமல் ஏறியும் இறங்கியும் காணப்படுவதுண்டு.

மின்னணு மானிகளில் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன:

1. வாகனத்தின் பழுதறியும் இணைப்பின் வழியாக ஒரு கருவியைப் பொருத்தி, சேமிக்கப்பட்ட எண்ணை மாற்றி எழுதுதல்.
2. நினைவகச் சில்லைக் கழற்றி, வேறு எண்ணைப் பதிந்து மீண்டும் பொருத்துதல்.
3. குறைவாக ஓடிய வேறொரு வாகனத்தின் மானிப் பலகையைப் பொருத்துதல்.
4. உணரிக்கும் மானிக்கும் இடையே ஒரு தடுப்புக் கருவியை வைத்து, வண்டி ஓடும்போதே தூரம் ஏறாதவாறு செய்தல்.

மின்னணு மானிகளில் உருளைகள் இல்லாமையால், மாற்றம் கண்ணுக்குத் தெரியும் தடயம் எதையும் விட்டுச் செல்வதில்லை. எனினும் பல வாகனங்களில் ஓடிய தூரம் எஞ்சின், தடுப்பு அமைப்பு முதலியவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் தனித்தனியே பதிவாகின்றது. மானியில் மட்டும் எண் மாற்றப்பட்டிருந்தால், இவற்றுடன் ஒப்பிட்டு அதனைக் கண்டறியலாம்.

விளைவுகள்

வாங்குபவர் உரிய மதிப்பைவிடக் கூடுதல் விலை கொடுக்கின்றார் என்பது இதன் நேரடி விளைவாகும். அதைவிடக் கடுமையானது பாதுகாப்பு தொடர்பான விளைவு ஆகும். வாகனத்தின் பல பாகங்கள் ஓடிய தூரத்தைக் கணக்கிட்டே மாற்றப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 1,00,000 கி.மீ.-க்குள் எஞ்சினின் நேரப்பட்டையை, அதாவது டைமிங் பெல்ட்டை, மாற்ற வேண்டிய ஒரு மகிழுந்து 1,40,000 கி.மீ. ஓடியிருக்க, மானி 60,000 எனக் காட்டுவதாகக் கொள்ளலாம். புதிய உரிமையாளர் இன்னும் 40,000 கி.மீ. ஓடலாம் என நம்புவார். பட்டை ஓட்டத்தின்போது அறுந்தால், பல எஞ்சின்களில் உந்துதண்டுகள் வால்வுகளில் மோதி எஞ்சின் முற்றாகச் சேதமடையும். வண்டியும் சாலையிலேயே நின்றுவிடும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் ஒன்று தொலைவுமானியைத் திருத்துவதைக் குற்றமாக்கியது. 1986-இல் வந்த மற்றொரு சட்டம், உரிமை மாற்றத்தின்போது ஓடிய தூரத்தை உரிமைப் பத்திரத்திலேயே எழுதுவதைக் கட்டாயமாக்கியது. 1987-இல் கிரைசுலர் நிறுவனத்தின் மீது குற்றச்சாட்டு பதிவானது. நிறுவன அலுவலர்கள் மானியைத் துண்டித்து ஓட்டிய 60,000-க்கும் மேற்பட்ட மகிழுந்துகள் புதியவை என விற்கப்பட்டன என்பதே அக்குற்றச்சாட்டாகும். அதன் தலைவர் லீ ஐயகோக்கா பொதுமக்களிடம் வருத்தம் தெரிவித்தார். ஆண்டுதோறும் 4,50,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் பொய்யான அளவீட்டுடன் விற்கப்படுவதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம் 2002-இல் மதிப்பிட்டது.

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2018-இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, உள்நாட்டு விற்பனையில் 5 முதல் 12 விழுக்காடும், எல்லை கடந்த விற்பனையில் 30 முதல் 50 விழுக்காடும் இம்மோசடிக்கு உள்ளாவதாக மதிப்பிடப்பட்டது. பெல்சியம் 2006 முதல் கார்-பாசு என்னும் சான்றிதழை நடைமுறைப்படுத்தியது. வாகனம் பழுதுபார்க்கப்படும் ஒவ்வொரு முறையும் அதன் தூரம் பொதுத் தரவுத்தளத்தில் பதிவாகின்றது. விற்பவர் அச்சான்றிதழை வாங்குபவருக்கு அளித்தல் வேண்டும்.

இலங்கை

பயன்படுத்திய யப்பானிய மகிழுந்துகளைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். இரு நாடுகளிலும் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால், யப்பானிய மகிழுந்துகள் மாற்றமின்றி இங்கு பயன்படுகின்றன. யப்பானில் தனியார் மகிழுந்து முதலில் மூன்று ஆண்டுகளிலும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுகின்றது. அச்சான்றிதழில் ஓடிய தூரம் குறிக்கப்படுவதுடன், ஏலத்தில் விற்கப்படும் வாகனத்தின் நிலையும் தூரமும் ஏலத் தாளில் எழுதப்படுகின்றன. எனவே வாகனம் யப்பானை விட்டுப் புறப்படும்வரை அதன் வரலாறு தெளிவாக உள்ளது. இறங்கிய நாட்டில் மானியைக் குறைத்தலும், அதற்கேற்பப் போலி ஏலத் தாளைத் தயாரித்தலும் இவ்வணிகத்தில் அறியப்பட்ட மோசடிகள் ஆகும். அடிச்சட்ட எண்ணைக் கொண்டு மூல ஏலத் தாளைப் பெற்று ஒப்பிடுவது இதற்கான சோதனையாகும்.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் ஏற்கெனவே இருந்த பழைய வாகனங்களின் விலை பெரிதும் உயர்ந்தது.

இந்தியா

இந்தியாவில் பயன்படுத்திய மகிழுந்துகளின் இறக்குமதி 2001-இல் அனுமதிக்கப்பட்டது. எனினும் வாகனம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாகவும் வலப்புறச் சுக்கான் உடையதாகவும் இருத்தல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளும், மிக உயர்ந்த சுங்கவரியும் விதிக்கப்பட்டமையால் இவ்வணிகம் வளரவில்லை. இந்தியாவில் இம்மோசடி பெரும்பாலும் உள்நாட்டு வாகனங்களைச் சார்ந்தது.

தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதுவரை யப்பானில் உள்ளது போன்ற கட்டாயத் தகுதிப் பரிசோதனை இல்லை. பதிவுச் சான்றிதழிலும் ஓடிய தூரம் குறிக்கப்படுவதில்லை. எனவே ஒப்பிடுவதற்கான அரசுப் பதிவு வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் இம்மோசடிக்கெனத் தனிப் பிரிவு இல்லை. இது ஏமாற்றுதல் என்னும் குற்றமாகக் கருதப்படலாம். 2024 சூலை 1-க்கு முன்னர் நடந்தவற்றுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவும், பின்னர் நடப்பவற்றுக்குப் பாரதிய நியாய சன்கிதையின் 318-ஆம் பிரிவும் பொருந்தும். மோசடியால் பெறப்பட்ட சம்மதத்தின் பேரில் அமைந்த ஒப்பந்தத்தை, ஏமாற்றப்பட்டவர் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி விலக்கிக்கொள்ளலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பயன்படுத்திய வாகனங்களை விற்கும் முகவர்கள் அனுமதிச் சான்று பெறுவதையும், தம்மிடமுள்ள வாகனத்தின் ஓட்டங்களை மின்னணுப் பதிவேட்டில் குறிப்பதையும் கட்டாயமாக்கின.

புதுக்கோட்டை மாவட்டம்

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் பதிவாகும் வாகனங்கள் டி.என். 55 என்னும் குறியீட்டைப் பெறுகின்றன. இம்மாவட்டத்தினர் பலர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் பணிபுரிகின்றனர். வளைகுடா நாடுகளின் மகிழுந்துகள் இடப்புறச் சுக்கான் உடையவை ஆதலால், மேற்கூறிய நிபந்தனையின்படி அவற்றைப் பயன்படுத்திய வாகனங்களாக இறக்குமதி செய்ய இயலாது. வெளிநாட்டிலிருந்து வந்தது எனக் கூறி விற்கப்படும் வாகனத்துக்குச் சுங்கத் துறையின் இறக்குமதி ஆவணங்கள் உள்ளனவா எனப் பார்ப்பது முதற் சோதனையாகும்.

மாவட்டத்துக்கு வெளியே வாங்கி ஏமாற்றப்பட்டவர்களுக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ஒரு முக்கியமான உரிமையை அளிக்கின்றது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் முறையீடு செய்ய முடிந்தது. புதிய சட்டப்படி, முறையிடுபவர் வசிக்கும் இடத்திலும் முறையிடலாம். எனவே சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள முகவரிடம் வாங்கிய அறந்தாங்கி அல்லது ஆலங்குடிவாசி, புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் உரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடுதல் வேண்டும். தமது சொந்த வாகனத்தை விற்கும் தனிநபர் வணிகர் ஆகார் என்பதால், அவருக்கு எதிராக உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

கண்டறியும் வழிகள்

* வாகனத்தின் பதிவு எண்ணைக் கொண்டு, நிறுவனப் பணிமனையில் ஒவ்வொரு பராமரிப்பின்போதும் குறிக்கப்பட்ட தூரத்தைக் கேட்டறிதல். பிந்தைய பதிவை விட மானி குறைவாகக் காட்டினால் மோசடி உறுதியாகும்.
* வட்டகையின் பக்கத்திலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்தல். 2319 என்பது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தைக் குறிக்கும். 20,000 கி.மீ. மட்டுமே ஓடியதாகக் கூறப்படும் வண்டியின் நான்கு வட்டகைகளும் வண்டியைவிடப் புதியனவாக இருந்தால் காரணம் கேட்டறிதல் வேண்டும்.
* மிதிகளின் இரப்பர் உறை, சுக்கான் வளையம், ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு ஆகியவற்றின் தேய்மானத்தை மானியின் எண்ணுடன் ஒப்பிடுதல்.
* வாகனம் முன்னர் வாடகை மகிழுந்தாகப் பதிவாகியிருந்ததா எனப் பதிவு வரலாற்றில் காணுதல்.
* கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் உள்ள தூரத்தைப் பணிமனையில் படித்தறிதல்.
* ஓடிய தூரத்தை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பம் பெறுதல். பின்னர் வழக்கு எழும்போது இதுவே முதன்மையான சான்றாக அமையும்.

இவற்றையும் பார்க்க

* தொலைவுமானி
* வேகமானி
* நுகர்வோர் பாதுகாப்பு
* புதுக்கோட்டை மாவட்டம்