'ஸ்பைடர்லேண்ட்': ஓர் இசைத்தட்டும் மூன்று வதந்திகளும்

வெளியானபோது யாரும் சீண்டவில்லை. ஒலிப்பதிவின்போது அதை உருவாக்கியவர்களுக்கே புத்தி பேதலித்தது. இதுதான் கடைசி என்று முடிவு கட்டிக்கொண்டே அதைச் செய்தார்கள். அமெரிக்க ராக் குழுவான ஸ்லிண்ட் 1991இல் வெளியிட்ட 'ஸ்பைடர்லேண்ட்' பற்றிப் பேச்சு எழுந்தால் இம்மூன்றில் ஒன்றாவது வந்து விழும். ஆதாரம் கேட்டால், "எங்கேயோ படித்தேன்" என்பார்கள். அந்த 'எங்கேயோ' எது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் தட்டைப் பார்ப்போம். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரைச் சேர்ந்த பிரையன் மக்மஹன், டேவிட் பாஹோ, பிரிட் வால்ஃபோர்டு, டாட் பிரஷியர் ஆகிய நால்வரும் அப்போது இருபது வயதை ஒட்டியவர்கள். 1990 ஆகஸ்டில் சிகாகோவில் பிரையன் பால்சன் ஒலிப்பதிவு செய்தார். மொத்தம் ஆறு உருப்படிகள், சுமார் 39 நிமிடங்கள். அவற்றில் ஒன்றில் குரலே இல்லை. 'டான், அமன்' என்ற பாட்டில் டிரம்ஸ் கிடையாது; இரண்டு கிட்டார்களும் முணுமுணுக்கும் குரலும் மட்டுமே. 'வாஷர்' ஒன்பது நிமிடத்தைத் தொடும் அளவுக்கு நிதானமாக நகர்கிறது. பல இடங்களில் குரல் பாடுவதில்லை, கதை சொல்கிறது. அதுவும் வாத்தியங்களுக்கு அடியில் பதுங்கியபடி. கடைசிப் பாட்டான 'குட் மார்னிங், கேப்டன்' மட்டும் அலறலில் முடிகிறது.

முதல் வதந்தியை விசாரிக்க 1991இன் அச்சுப் பிரதிகளுக்குப் போகவேண்டும். லண்டனிலிருந்து வெளிவந்த இசை வார ஏடு 'மெலடி மேக்கர்'. அதன் மார்ச் 30 இதழில் ஸ்டீவ் அல்பினி எழுதிய மதிப்புரை இருக்கிறது. தட்டு கடைக்கு வந்ததும் அதே மார்ச்சில்தான். அல்பினி அதற்குப் பத்து நட்சத்திரம் கொடுத்தார். எளிமையும் அமைதியுமே இதன் பெருமை என்றார்; பத்தாண்டில் இது ஒரு மைல்கல்லாகும், இப்போதே வாங்கிவிடுங்கள் என்றார். இந்தக் குழுவை மேடையில் பார்க்காதவர்கள் பிற்பாடு பார்த்ததாகப் பொய் சொல்வார்கள் என்று வசைச்சொல்லோடு ஆரூடமும் கூறினார். ஆக, 'யாரும் சீண்டவில்லை' என்பது காகிதத்தின் முன் நிற்கவில்லை.

ஆனால் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யவேண்டும் அல்லவா? அல்பினி வெளியாள் அல்லர். ஸ்லிண்டின் முதல் தட்டான 'ட்வீஸ்' 1987இல் அவர் கையால் பதிவானது. 'ஸ்பைடர்லேண்ட்'டை வெளியிட்ட சிகாகோவின் டச் அண்ட் கோ நிறுவனம் அவருடைய சொந்தக் குழுக்களின் தட்டுகளையும் வெளியிட்டது. வேண்டியவர் எழுதிய பாராட்டு என்று இதைத் தள்ளிவிடலாமா? தள்ள முடியாமல் செய்வது அதே மதிப்புரையில் உள்ள இன்னொரு செய்தி: தாம் பதிவு செய்த முதல் தட்டை அவர் அதில் தூக்கிப் பேசவில்லை, அது குழுவின் ஆற்றலைக் கோடி காட்டியதோடு சரி என்கிறார். தம் உழைப்பைத் தாமே குறைத்து மதிப்பிடும் சாட்சியை ஓரளவு நம்பலாம்.

எதிர்த்தரப்புக்கும் ஆவணம் உண்டு. நியூயார்க்கின் மூத்த விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்கவ் கொடுத்தது 'சி பிளஸ்'. சோக முகம் காட்டுகிறார்களே தவிர, உள்ளுக்குள் இவர்கள் கலைப் பகட்டு மிகுந்த ஆர்ட் ராக் ஆசாமிகள். அந்தப் பகட்டை ஒப்புக்கொள்ளும் துணிச்சல்தான் இல்லை என்பது அவர் தீர்ப்பின் சாரம். பாட்டு வரிகளை மேற்கோள் காட்டக்கூடத் தகுதியில்லை என்பதுபோல் ஒரு குத்தலும் உண்டு.

இரண்டாம் வதந்திக்கு வருவோம். ஒலிப்பதிவு சில நாள் வேலை. பெரும்பகுதி நால்வரும் சேர்ந்து நேரடியாக வாசித்தது. கடைசிப் பாட்டுக்காகக் கத்திய கத்தலில் மக்மஹனுக்கு உடம்பு முடியாமல் போனது பதிவாகியுள்ள செய்தி. அந்த ஒரு சம்பவம்தான், வெறும் வாயை மென்றவர்களுக்கு அவலாக வாய்த்திருக்கவேண்டும். பித்துப் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்றும் பார்த்தேன். வால்ஃபோர்டு 1992இல் வெளியான பிரீடர்ஸ் குழுவின் 'சஃபாரி' தட்டில் புனைபெயரில் டிரம்ஸ் வாசித்தவர். இசையை விட்டு ஓடிவிடவில்லை. பாஹோ சிகாகோவின் டார்டாய்ஸ் குழுவில் சேர்ந்தார். பிரஷியர் லூயிவில்லில் வீடியோ கடை வைத்து 2015 வரை நடத்தினார். தட்டு சபித்த மனிதர்களின் வரலாறு இப்படி இருக்காது.

மூன்றாம் வதந்தியை உடைக்கும் துப்பு தட்டின் உறையிலேயே இருக்கிறது. முன்பக்கம், கல்குவாரி நீரில் தலை மட்டும் தெரிய நால்வரும் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். எடுத்தவர் பின்னாளில் பாடகராகப் பேர்பெற்ற வில் ஓல்டம். பின்பக்கம் ஒரு சிறு அறிவிப்பு: விருப்பமுள்ள பாடகிகள் எழுதவும் என்று சொல்லி, லூயிவில் முகவரி ஒன்று தரப்பட்டிருக்கிறது. கடையைக் கட்டப்போகிறவர்கள் ஆள் தேடுவார்களா? குழு தொடரும் என்ற எண்ணத்தில் எழுதிய வரி அது. இங்கிலாந்தின் பி.ஜே. ஹார்வி அதற்கு விண்ணப்பித்தார் என்பது நெடுநாளாக உலவும் செய்தி.

இருந்தும் தட்டு வெளிவருவதற்குள் குழு கலைந்துவிட்டது. வதந்திகளின் ஊற்றுக்கண் இதுதான் என்பது என் முடிவு. 1991இல் அதை வாங்கியவருக்குக் கச்சேரி கிடையாது. விளக்கம் சொல்லக் குழுவும் கிடையாது. இடைவெளிகளால் ஆன இசையைச் சுற்றி இன்னொரு பெரிய இடைவெளி. கேட்டவர்கள் அதைத் தங்கள் ஊகத்தால் நிரப்பினார்கள். 1995இல் லாரி கிளார்க்கின் 'கிட்ஸ்' படத்தின் இசைத்தட்டில் 'குட் மார்னிங், கேப்டன்' இடம்பெற்றபோது, இளைய தலைமுறை ஒன்று பாட்டோடு சேர்த்துக் கதையையும் வாங்கிக்கொண்டது.

நால்வரில் மூவர் 2005இல் மீண்டும் கூடினார்கள். 2007இல் முழுத் தொகுப்பையும் மேடையில் வாசித்தார்கள். பொய் சொல்லாமலே பார்த்தேன் என்று சொல்லும் வாய்ப்பு ரசிகர்களுக்கு அப்போது வந்தது. 2014இல் 3,138 பிரதிகள் மட்டும் கொண்ட பெட்டகப் பதிப்பு வந்தது. லான்ஸ் பாங்ஸின் ஆவணப்படமும் அதில் இருந்தது. அந்தப் படத்தில் தெரிவது சாபமல்ல, வால்ஃபோர்டு வீட்டு நிலவறையில் சலிக்காமல் நடந்த ஒத்திகை.

எல்லா ஆவணங்களையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படுகிறது. பாராட்டியவரும் பழித்தவரும் சுட்டுவது ஒரே குணத்தை: உணர்ச்சியைக் கொட்டாமல் அடக்கிவைத்த கறார். அல்பினிக்கு அது அமைதியின் அழகு. கிறிஸ்ட்கவ்வுக்கு அது ஒளித்துவைத்த பகட்டு. வரிகளைப் பற்றிய கிறிஸ்ட்கவ்வின் புகாரில் நியாயம் உண்டு. தாளில் எழுதிப் படித்தால் அவை சுமார்தான். ஆனால் இத்தட்டில் அவை படிக்கக் கொடுத்த வரிகளல்ல. காதைத் தீட்டினால்தான் பிடிபடும் முணுமுணுப்பு. அந்த வகையில் என் ஓட்டு அல்பினிக்கு.

இதுவரை கேட்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: கதைகளை ஒதுக்கிவிட்டு, 39 நிமிடம் ஒதுக்கி, ஆறையும் வரிசை மாறாமல் கேளுங்கள். அலுப்புத் தட்டினால் கிறிஸ்ட்கவ் பக்கம் சேர்ந்துகொள்ளலாம். அங்கேயும் மரியாதையான இடம் உண்டு. 1991இல் யாரும் சீண்டவில்லை என்று மட்டும் இனி எழுதாதீர்கள்.