வழுக்கள் வீடு மாறிய கதை

குத்துக்கல்வலசையில் ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்கிறார். உயிர்மெய் சிதைந்து தெரிகிறது. அந்தப் புகாரைப் பதிய வேண்டிய இடம் ஃபேப்ரிகேட்டர் என்ற வழுப் பதிவுத் தளம். 2014 நவம்பருக்கு முன்பென்றால், பக்சில்லா.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் வழுக்கள் அப்போது சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் பதிவாயின. 2004-இல் அவை மொசில்லா உருவாக்கிய பக்சில்லாவுக்கு வந்தன.

பத்தாண்டுகளில் குறைகள் தெரிந்தன. பக்சில்லாவுக்குத் தனிக் கணக்கு வேண்டியிருந்தது. புகார் எழுதுபவரின் மின்னஞ்சல் முகவரியும் வெளியே தெரிந்தது. திட்டப்பணிகளோ ட்ரெல்லோ, மிங்கிள் என்று ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தன. ஃபேஸ்புக்கில் பிறந்த திறமூலக் கருவியான ஃபேப்ரிகேட்டரில் விக்கிக் கணக்கைக் கொண்டே நுழையலாம்.

2014 நவம்பரில், ஒரு வார இறுதியில், 73 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழுக்கள் இடம்பெயர்ந்தன. சிக்கல் எண்களில்தான். புதிய தளத்தில் தொடக்க எண்கள் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்ததால், பழைய எண்ணோடு 2000 கூட்டினார்கள்: வழு 1 என்பது டி2001 ஆயிற்று. பழைய இணைப்பைச் சொடுக்கினாலும் புதிய பக்கம் திறந்தது. எழுதியவர் வந்து தம் கணக்கை உறுதிசெய்யும்வரை, அவருடைய பழைய குறிப்புகள் 'பிஇசட்இம்போர்ட்' என்ற பொதுப்பெயரில் காத்திருந்தன.

வீடு மாறியவை விக்கியின் வழுக்கள் மட்டுமல்ல: பைத்தான் மொழியின் வழுக்களும் 2022 ஏப்ரலில் ரவுண்டப்பிலிருந்து கிட்ஹப்புக்கு மாறின. விக்கி குடியேறிய ஃபேப்ரிகேட்டரை வளர்த்த ஃபேசிலிட்டி நிறுவனமோ 2021-இல் அதன் மேம்பாட்டை நிறுத்தியது. பயனர்களே ஃபோர்ஜ் என்ற கிளையைத் தொடங்கி அதைத் தொடர்கிறார்கள்.