சாம்பலுக்குத் தப்பிய ஏடுகள்

அயர்லாந்தில் தம் முன்னோரைத் தேடப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது சாம்பலே. 1922 ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்கேடுகளிற் பெரும்பகுதி அன்று அழிந்தது. எனினும் பழி முழுவதையும் அத்தீயின்மேற் சுமத்துதல் முறையன்று. 1861, 1871ஆம் ஆண்டுகளின் ஏடுகளை அரசாங்கமே முன்னர் அழித்திருந்தது. அடுத்த இரு கணக்குகளும் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாயின.

முழுமையாக எஞ்சியவற்றுள் முந்தியவை 1901, 1911ஆம் ஆண்டுகளின் ஏடுகள். அவற்றிலும் வயதை அப்படியே நம்பலாகாது. இப்பத்தாண்டில் பத்துக்கு மேற்பட்ட வயது கூடிய முதியோர் பலர் உளர்! 1909இல் வழங்கத் தொடங்கிய முதியோர் உதவித்தொகைக்கு எழுபது வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவோ 1864இல்தான் அங்கு வந்தது. ஆகவே தம் வயதைச் சரிவர அறியாதார் பலர். அறிந்தே கூட்டிச் சொன்னாரும் இருந்திருப்பர்.

அதற்கு முற்பட்ட காலத்திற்கு, 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிஃபித்தின் நிலமதிப்பு ஏடுகள் துணைசெய்யும். ஆயினும் அவற்றில் நிலமும் வீடும் பிடித்திருந்தோர் பெயரே உண்டு. மனைவி மக்கள் பெயர் இல்லை. ஒரே சிற்றூரில் மர்ஃபி எனும் பெயரினர் ஐவர் இருப்பின், நம்மவர் யாவர்? கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஞானப்பெற்றோர் பெயரும் காணப்படும். அவர்கள் பெரும்பாலும் உறவினராதலின், அப்பெயர்களை ஊர்ப்பெயரோடு ஒப்பிட்டே ஐவருள் ஒருவரைத் தெளிதல் கூடும்.