தடித்த இதயச் சுவரும் ஒரு பழைய வளைகோடும்

பெருந்தமனி வால்வுச் சுருக்கத்தில் நோய் இருப்பது வால்வில். நோயாளியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் பின்னிருந்து உழைக்கும் இடது கீழறைத் தசை. 1904இல் மென்கெபெர்க் முதுமையில் வால்வில் சுண்ணாம்பு படிவதை விளக்கிவிட்டார். ஆயினும் தசையைப் பற்றிய கேள்விகள் தாமதமாகவே கூர்மை பெற்றன. அவற்றுக்கு 1968இலும் 1975இலும் கிடைத்த இரு விடைகள் இன்றும் நம் பாடநூல்களை ஆள்கின்றன. அவ்விரண்டையும் மீண்டும் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இயல்பான வால்வின் திறப்பு 3 முதல் 4 சதுர செ.மீ. அது 1 சதுர செ.மீ. அளவுக்கு இறங்கினால் கடுஞ்சுருக்கம். அந்நிலையில் தமனியில் 120 மி.மீ. பாதரச அழுத்தம் நிலைக்க, கீழறை 180, 200 என்று அழுத்தம் எழுப்ப நேரிடுகிறது. இவ்விடத்தில் லாப்லாஸ் வருகிறார். நீர்மப் பரப்பின் வளைவை ஆராய்ந்த அக்கணிதவியலாளரின் விதியை 1892இல் உட்ஸ் என்னும் மருத்துவர் உடலின் சவ்வுகளுக்கும் இதயத்துக்கும் பொருத்தினார்: சுவர்த் தகைவு அழுத்தத்தோடும் அறையின் ஆரத்தோடும் கூடும், சுவர் தடித்தால் குறையும். 1975இல் கிராஸ்மன் குழுவினர் நோயாளிகளின் கீழறைகளை அளந்தபோது, அழுத்தம் மிகுந்தும் சுருங்குகையின் உச்சத் தகைவு இயல்பளவில் இருக்கக் கண்டனர். தசையின் சுருங்கும் கூறுகள் பக்கம்பக்கமாக அடுக்கப்பட்டுச் சுவர் தடிக்கிறது, அதனால் தகைவு தணிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். தடிப்புக்கு ‘ஈடுசெய்தல்’ என்ற நற்பெயர் நிலைத்தது.

நோயாளியின் அறிகுறிகள் வேறு கதை சொல்கின்றன. தடித்த தசைக்குக் குருதி அதிகம் வேண்டும். இதயம் தளரும் வேளையில்தான் இடது கீழறைத் தசைக்குக் குருதி பெரும்பாலும் பாய்கிறது. தளர்ந்த பின்னும் அறைக்குள் அழுத்தம் உயர்ந்திருப்பதால் சுவரின் உள்ளடுக்கு நசுங்குகிறது. முடியுருத் தமனிகளில் அடைப்பே இல்லாதவருக்கும் நெஞ்சுவலி வருவது இதனால்தான். விறைத்த அறையை நிரப்ப மிகுந்த அழுத்தம் தேவைப்படுகிறது. அது பின்னோக்கி நுரையீரலை எட்ட, மூச்சுத்திணறல். மாடிப்படி ஏறுகையில் கைகால்களின் குருதிக்குழாய்கள் விரிகின்றன, வெளியேற்றம் அதற்கேற்ப உயர முடிவதில்லை, மயக்கம். மயக்கத்துக்கு இவ்விளக்கம் மட்டும் போதாது என்பது என் கருத்து. கீழறைச் சுவரிலுள்ள அழுத்த உணரிகள் தவறான அனிச்சையைத் தூண்டுவதாக 1971இல் ஜான்சன் முன்வைத்த வாதம் இன்னும் கவனத்துக்குரியது.

இனி 1968. ராஸ், பிரான்வால்ட் இருவரும் வரைந்த வளைகோடு இதயநோயியலில் மிக அதிகமாக மறுபதிப்பானவற்றுள் ஒன்று. பல்லாண்டுகள் தட்டையாகச் செல்லும் கோடு, அறிகுறி தோன்றியதும் செங்குத்தாகச் சரிகிறது. நெஞ்சுவலிக்கு 5, மயக்கத்துக்கு 3, இதயச் செயலிழப்புக்கு 2 ஆண்டுகள் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதன் வழிவந்ததே. அதன் அடிப்படையோ பெரும்பாலும் வால்வு அறுவைக்கு முந்திய காலத்துப் பிணஆய்வுத் தொகுப்புகள். அக்கோட்டின் சரிவை நம்பி எண்ணற்றோர் அறுவைக்கு அனுப்பப்பட்டுப் பிழைத்தனர், அது பெருநன்மை. அதன் தட்டையான பகுதியையும் அதே உறுதியோடு நம்பியதுதான் சிக்கல். அறிகுறி இல்லாதவரைக் காத்திருக்கச் செய்யலாம், தசை ஈடுகட்டிக்கொள்ளும் என்று இரு விடைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

2002இல் எஸ்போசிட்டோ குழுவினர், தசை தடிக்காதவாறு மரபணு மாற்றிய எலிகளின் பெருந்தமனியை இறுக்கினர். தகைவு உயர்ந்தும், அவ்வெலிகளின் இதயச் செயல்பாடு தடித்த இதயமுடைய எலிகளினும் சிறப்பாக நிலைத்தது. எலியின் இதயம் மனித இதயமன்று. என்றாலும் ‘ஈடுசெய்தல்’ என்ற சொல்லை அதன்பின் ஐயமின்றி எழுதுவது கடினம். மேலும், அறிகுறி இல்லை என்போரில் பலர் தம்மையறியாமல் நடையைச் சுருக்கிக்கொண்டவர்கள். ஓடுபொறிச் சோதனையில்தான் உண்மை வெளிப்படுகிறது.

2020இல் வெளியான கொரிய ஆய்வு அறிகுறியற்ற, மிகக் கடுஞ்சுருக்கமுடைய 145 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தது. அறுவையாலோ இதயக் குருதிக்குழாய் நோயாலோ இறந்தோர், உடனடி அறுவைக் குழுவின் 73 பேரில் ஒருவர். காத்திருந்த 72 பேரில் 11 பேர். அவர்களுள் பெரும்பாலோர் ஈரிதழ் வால்வோடு பிறந்தவர்கள். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியோர் மிகச் சிலரே. நம் நாட்டு இதயப் பிரிவுகளுக்கு ருமாட்டிக் நோயாளிகள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கான வளைகோட்டை இன்னும் எவரும் வரையவில்லை என்றே சொல்லலாம்.